லோகு விழுந்து முடியலை

பஸ்ஸை விட்டு எறங்கினதும் காலுக்குக் கீழ பாத்திருப்பீங்க, ஒன்றரை சாண் அகலத்துல, ஒரு வெரல் ஆழத்துல, தார் ரோட்டையே கிழிச்சுக்கிட்டு ஒரு தடம் போகுதே, அது வாய்க்காலும் இல்லை, கேபிள்காரன் தோண்டினதும் இல்லை, அது லோகநாதன் விழுந்த தடம். ஆனி மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு மூணாவது வளைவுல வண்டியோட விழுந்தவன், ஆளை ஆம்புலன்ஸ்ல ஏத்திக் காறை எலும்புக்குக் கட்டுப் போட்டு ஊட்டுல கொண்டாந்து படுக்க வெச்சதுக்கு அப்பறமும், விழுந்து முடியாம இருபத்தாறு நாள் எங்க ஊருக்குள்ள சறுக்கிக்கிட்டே போனான். யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. எங்கிட்டக் கேட்டா நெசத்தைச் சொல்லுவேன், ஆனா நீங்க நம்ப மாட்டீங்க, அதுவும் எனக்குப் பழகிப்போச்சு.

எங்க செங்காட்டூர்ல கோயில் நோம்பிக்கு வராத ஒறம்பரை சொந்தங்கூடப் பைக்குப் பந்தயத்துக்கு வந்துரும். செம்மண் வட்டத்துல நாலு வண்டி, எங்க ஊர்க்காரங்க ரெண்டு பேரு, எதிர் ஊர்க்காரங்க ரெண்டு பேரு, வண்டிக்குப் பிரேக்கே கெடையாது, வளைவு வந்தா பின்சக்கரத்தைச் சறுக்க விட்டுத்தான் திருப்போணும், அப்படி நாலு சுத்து. மொதல்ல வந்தவனுக்கு மூணு பாயிண்ட், அடுத்தவனுக்கு ரெண்டு, அதுக்கடுத்தவனுக்கு ஒண்ணு, கடைசியா வந்தவனுக்கும் விழுந்தவனுக்கும் ஒண்ணுமில்லை. பதினஞ்சு ஓட்டம் முடிஞ்சா கூட்டிப் பாத்து எந்த ஊரு ஜெயிச்சதுன்னு மைக்குல சொல்லுவாங்க. எங்க ஊர்ப் பெரிய ஓட்டக்காரனுக்குச் செவப்பு ஹெல்மெட், அவனுக்குத் துணையா ஓடறவனுக்கு நீல ஹெல்மெட். செவப்பு லோகுவுக்கு. நீலம் எங்கூட்டுக்காரருக்கு, தேவராசுன்னு பேரு, நல்ல மனுசன், அவருக்கு அந்த நீலம் ஒரு கொறையாவே தெரியலை, தெரிஞ்சதெல்லாம் எனக்குத்தான்.

ஏன்னு கேளுங்க. கடைசி ஓட்டத்துக்கு முன்னாடிதான் வந்தவன் போனவன் கண்ணு பூராவும் ஒட்டுக்கா நம்ம பசங்க மேல விழுகும்னு சொல்லி, எங்க ஊர்ல அப்பத்தான் திருஷ்டி கழிப்போம். செவப்பு ஹெல்மெட்டுக்காரன் சம்சாரம் பூசணிக்காயில குங்குமத்தைத் தடவி, கற்பூரம் ஏத்தி, ரெண்டு வண்டியையும் சுத்திப்போட்டு, நாலாயிரம் பேர் பாக்க மூணாவது வளைவுல கொண்டுபோய் ஒடைப்பா. நீல ஹெல்மெட்டுக்காரன் சம்சாரம் பின்னாடியே சீவக்கட்டையும் கூடையுமா போய், ஒரு வெதைகூட விடாமக் கூட்டி அள்ளோணும், ஏன்னா பூசணித்துண்டு மேல சக்கரம் ஏறுனா என்னாகும்னு ரோட்டுல வண்டி ஓட்டற எல்லாருக்கும் தெரியும். மூணு வருசம். மூணு வருசமா கோகிலா ஒடைப்பா, நான் கூட்டுவேன்.

கோகிலா லோகு சம்சாரம். பனைமேட்டுல இருந்து வாக்கப்பட்டு வந்தவ, என்னைவிட ஆறு வயசு சின்னவ, என்னை வாய் நெறைய அக்கான்னு கூப்பிடுவா. அவ பூசணியைத் தலைக்கு மேல தூக்கினா வளையல் முழங்கை வரைக்கும் சரிஞ்சு எறங்கும், அதுக்கொரு கைதட்டு. ஒரே போடுல மூணு துண்டா ஒடையும், அதுக்கொரு கைதட்டு. பந்தயக் கிளப் காலண்டர்ல மார்ச் மாசத்துக்கு அவ போட்டோதான், மூலையில என் சீவக்கட்டை மட்டும் தெரியும், கை தெரியாது. அவ பருப்பும் வெல்லமும் வெச்சுச் செய்யற ஒப்புட்டு எங்கூட்டுக்காரருக்குப் பிடிக்கும். அவ மாமியார்க்காரி அவளைக் கொறை சொல்ல மாட்டா. இதுக்கெல்லாம் பேரு பொறாமைன்னா, ஆமாங்க, பொறாமைதான், நான் ஒண்ணும் மூடி மறைக்கலை. காலையில பல்லு வெளக்கறப்ப ஆரம்பிச்சாப் பொழுது சாய்ற வரைக்கும் நெஞ்சுல ஒரு கங்கு கெடக்கும்.

அந்த ஞாயித்துக்கெழமை எதிர் ஊரு பனைமேடு. பதினாலு ஓட்டம் முடிஞ்சு நாப்பத்திரெண்டுக்கு நாப்பத்திரெண்டு. கடைசி ஓட்டத்துக்கு வண்டி நாலும் வந்து நிக்குது, கோகிலா மாம்பழக் கலர்ல சேலை கட்டிக்கிட்டு வந்து ஒடைச்சா, நான் கூட்டினேன், கூடையில அள்ளினேன், திரும்பிப் பாத்தா உள்பக்கத்து வெள்ளைக்கோட்டை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, தோலோட, குங்குமத்தோட கெடக்குது. குனியப் போனேன். அப்பத்தான் மைக்குல, “நம்ம ஊருக்குத் திருஷ்டி கழிச்ச லோகநாதன் சம்சாரம் கோகிலா அம்மிணிக்கு ஒரு பலத்த கைதட்டு”ன்னான். நாலாயிரம் பேர் தட்டினாங்க. கூட்டினவளுக்கு ஒருத்தனும் தட்டலை. எனக்கு வந்துச்சு பாருங்க, தட்டறவங்க வந்து எடுக்கட்டும்னு நிமிந்தேன், கூடையை இடுப்புல வெச்சேன், வந்துட்டேன். அடுத்த நிமிசம் தண்ணி வண்டி வந்து வளைவை நனைச்சு, செம்மண்ணு மேல ஏறி, துண்டு இருந்த எடம் தெரியாமப் போச்சு.

மூணு சுத்து லோகுதான் மொதல்ல. எங்கூட்டுக்காரர் மூணாவது. அப்படியே முடிஞ்சிருந்தா நாலு பாயிண்ட் நமக்கு, ரெண்டு அவங்களுக்கு, ஊரு அன்னிக்கு வெடி வெடிச்சிருக்கும். கடைசிச் சுத்துல பனைமேட்டுக்காரன் நெருக்கினான்னு லோகு கோட்டை ஒட்டி உள்ள ஒடிச்சான், பின்சக்கரம் வழுக்கிருச்சு, வண்டி ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். பனைமேடு மொதல்ல, எங்கூட்டுக்காரர் ரெண்டாவது, பனைமேடு மூணாவது. நாப்பத்தாறுக்கு நாப்பத்திநாலு. சொந்த மண்ணுல, சொந்த ஜனத்துக்கு முன்னாடி, ரெண்டே ரெண்டு பாயிண்ட்ல தோத்தோம்.

அன்னிக்கு நஞ்சப்பண்ணன் பேக்கரியில தேங்காய் பன்னு மீந்துபோச்சு, அப்படி ஒரு துக்கம் எங்க ஊர்ல எழவு ஊட்லகூட நான் பாத்ததில்லை. மக்காநாளு வாயைத் தொறந்தவங்க அப்பறம் மூடவே இல்லை. பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் எட்வின் சார் வளைவுல லோகு ஒடிச்சது தப்புன்னார். ஆறாவது ஓட்டத்துல மாத்து ஆளை எறக்கியிருந்தா இந்தத் தொல்லையே இல்லைன்னார் ஒருத்தர். தண்ணி அதிகம்னு ஒருத்தர், தண்ணி பத்தலைன்னு அவருக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவர். நஞ்சப்பண்ணன் டீயை ஆத்திக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, கடைசியா கிளாசை டொப்புன்னு வெச்சார்.

“ஏப்பா, எல்லாரும் நெலாவைப் பாத்துக் கல்லெறியறீங்க. அந்தப் புள்ளை கோகிலா எந்த ஊரு?”

“பனைமேடு.”

“பனைமேட்டுக்காரி ஒடைச்ச பூசணி செங்காட்டூருக்குத் திருஷ்டி கழிக்குமா? பொறந்த ஊருக்காகப் புருசனையே விழ வெச்சுப்போட்டா. இல்லாட்டிப் போனா அவனே பொண்டாட்டி பேச்சைக் கேட்டு விழுந்திருப்பான்.”

அவ்வளவுதாங்க. சொன்ன வாய் மூடறதுக்குள்ள அது பேச்சா இல்லாம நெசமாயிருச்சு. நான் பன்னு வாங்கப் போனவ, பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். “அண்ணா, அது பூசணித்துண்டு, நான் விட்டுட்டேன்”னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வாயைத் தொறந்து, “அண்ணா, பன்னு சூடா இருக்குதுங்களா”ன்னு கேட்டேன். ஏன்னா உள்ளுக்குள்ள ஒருத்தி, நல்லா வேணும் அவளுக்குன்னு கும்மி அடிச்சுக்கிட்டிருந்தா.

இதுக்கு நடுவுலதான் தடம் கெளம்புச்சு. திங்கக்கெழமை டிராக்கை வாரிச் சமன் பண்ணினவங்க, சாயங்காலம் பாத்தா லோகு சறுக்கின தடம் மறுபடியும் அப்படியே கெடக்குதுன்னாங்க. செவ்வாக்கெழமை ரோலர் விட்டு அமுக்கினாங்க. அஞ்சு நாப்பதுக்குத் துளியூண்டு புழுதி கெளம்பி, பந்தய வண்டிக்கு ஊத்தற ஆமணக்கெண்ணெய் கருகற வாசம் அடிச்சு, தடம் வளைவைத் தாண்டி, வேலிக்கு அடியில புகுந்து, கேட்டுக்கு வெளிய வந்து நின்னுச்சு. புதன்கெழமை எட்வின் சார் நீளந்தாண்டற டேப்பைக் கொண்டாந்து அளந்தார். அறுபது அடி. வியாழக்கெழமையும் அறுபது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, அஞ்சு நாப்பதுக்கு, அறுபது அடி, ஒரு அடி கூடவும் இல்லை, கொறையவும் இல்லை.

யாரும் அதிசயப்பட்டுக்கிட்டு நிக்கலைங்க, அதுக்கு யாருக்கு நேரம் இருக்குது, தோத்த வேதனையே தலைக்கு மேல கெடக்கறப்ப. பால் சொசைட்டியில கறவை நேரத்தை அரைமணி முன்னாடி மாத்திக்கிட்டாங்க. டவுன் பஸ் டிரைவர் அஞ்சு நாப்பதுக்கு வண்டியை ஓரங்கட்டி, தடம் கடந்துபோற வரைக்கும் நின்னு, கன்னத்துல போட்டுக்கிட்டு எடுத்துட்டுப் போனார். பேரூராட்சியில சிமெண்டு ஊத்தி மூடினாங்க, சிமெண்டு காயறதுக்குள்ள அதுலயும் பள்ளம் விழுந்துச்சு, அப்பறம் ரெண்டு வேகத்தடை போட்டாங்க, தடம் அதுல ஏறி எறங்கிப் போச்சு. பள்ளிக்கூடம் விட்ட புள்ளைங்க தேருக்கு முன்னாடி போற மாதிரி முன்னாடி நடந்துச்சுங்க. பொடிமணலைத் தூவி வெச்சா எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியும்னு ஒரு கூட்டம், தெரியாதுன்னு ஒரு கூட்டம், அதுக்கும் பேக்கரியில சண்டை.

அஞ்சாம் நாள் அது பெட்ரோல் பங்க்காரர் ஊட்டு வாசல்ல புகுந்துச்சு. செவப்புச் சிமெண்டுத் தரையில கோடு கிழிச்சுக்கிட்டே போய், அடுப்படியைச் சுத்தி, பொடக்காலி வழியா வெளிய போச்சு. அவரு அரண்டுபோய் அன்னிக்கே பேக்கரிக்கு வந்து, “லோகுப் பய நெம்ப ஆடறான், ஒரு தடவை விழுந்தாத்தான் புத்தி வரும்னு ஒரு நாள் நெனைச்சேனுங்க, வேற ஒரு பாவமும் அறியேன்”னு ஒப்பிச்சுப்போட்டார். அடுத்தது போட்டோ ஸ்டுடியோக்காரர் ஊடு. அவருக்கும் லோகுவோட புது வண்டி மேல ஒரு கண்ணு இருந்துச்சாம். அடுத்தது கிளப்புச் செயலாளர் ஊடு. தம் பையனுக்குக் கெடைக்க வேண்டிய செவப்பு ஹெல்மெட்டுன்னு அவருக்கு வருசக்கணக்கா உள்ளுக்குள்ள புகைச்சல். இப்படி அது எந்த ஊட்டுக்குள்ள போனாலும் அந்த ஊட்ல ஒருத்தராச்சும் லோகு மேல பொறாமைப்பட்டவங்க இருந்தாங்க, அதை அவங்களே வாசல்ல நின்னு சொல்லியும் போட்டாங்க. சொல்லிப்போட்டு வந்தவங்களுக்குக் காப்பி குடுத்தாங்க.

மனுச புத்தியைப் பாருங்க, பத்து நாள்ல அது பெருமையாயிருச்சு. தடம் வந்த ஊடுன்னா பொண்ணு பாக்க வர்றவங்ககூட ஒரு தினுசா மரியாதை குடுத்தாங்க. தடம் வராத ஊட்டுக்காரங்க, “ஏன், நாங்க பொறாமைப்படற அளவுக்குக்கூட லாயக்கில்லாத ஆளுங்களா”ன்னு மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. நஞ்சப்பண்ணன் சம்சாரம் டிராக்குச் செம்மண்ணை அள்ளிவந்து வாசல்ல தெளிச்சு, முன்கதவையும் பின்கதவையும் ஆவெனத் தொறந்து வெச்சு மூணு நாள் காத்திருந்துச்சு. தடம் அந்த ஊட்டைத் திரும்பிக்கூடப் பாக்கலை. பனைமேட்டுக்காரங்களும் வேன் புடிச்சு வந்து எறங்கினாங்க, ஜெயிச்சவங்க, வந்து நின்னு தடத்தை வெறிச்சுப் பாத்துப்போட்டு, “ஜெயிச்சது நாங்க, சனம் பாக்க வர்றது உங்க ஊரை, இது எந்த ஊரு நியாயம்”னு பொலம்பினாங்க. எங்க சனத்துக்கு அன்னிக்குத்தான் ஒரு வாரத்துச் சோறு செரிச்சுது.

எங்க ஊட்டுக்கு அது வரலைங்க. மொத தடவை எங்க வீதிக்குள்ள திரும்பினப்ப நான் உப்புன்னு நெனைச்சுக் கோலமாவை அள்ளிக் கொழம்புல போட்டேன். கேட்டு வரைக்கும் வந்துச்சு, நேராப் போயிருச்சு. மாரியாத்தா காப்பாத்தினான்னு கும்பிட்டேன். ரெண்டாவது தடவையும் வந்துச்சு, போச்சு. மூணாவது தடவை அது போறப்ப எனக்கு ஆத்திரம் வந்துச்சு. ஊர்ல எவனெவனோ ஒரு நாள் நெனைச்சானாம், அவன் ஊட்டுக்குள்ள எல்லாம் போய் அடுப்படி சுத்துது, மூணு வருசமா ராத்திரி பகல்னு பாக்காம வெந்தவ நானு, துண்டை விட்டவளே நானு, என் ஊட்டு வாசல் தெரியலையா இதுக்கு? எங்க போனாலும் நான் கூட்டறவதானா?

அதுக்குள்ள பேக்கரியில தீர்ப்பு எழுதியாச்சு. தடம் சுத்தறதெல்லாம் சும்மா வழி கேட்டுப் போறது, கடைசியா எந்த ஊட்ல போய் நிக்குதோ அந்த ஊடுதான் தோல்விக்குக் காரணம். லோகு ஊட்ல நின்னா லோகுவுக்குக் கிளப்புல எடம் இல்லை, இந்த மாவட்டத்துல வேற எந்த ஊரும் துரோகிக்கு வண்டி குடுக்காது, அவன் தொட்ட தொழிலே முடிஞ்சுது. காறை எலும்பு கூடாத மனுசன் இதைக் கேட்டுச் செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டானாம். செவப்பு ஹெல்மெட்டைச் செயலாளரே கொண்டாந்து எங்க ஊட்ல குடுத்துட்டுப் போனார். எங்கூட்டுக்காரர் அதைத் தொடாம ஆணியில மாட்டினார்.

“ஏம்புள்ள, லோகு அந்த வளைவுல ஆயிரம் தடவை ஒடிச்சிருக்கறான். அவன் விழுகற ஆளில்லை”ன்னார்.

நான் பருப்பு தாளிச்சுக்கிட்டிருந்தேன். “விழுந்துட்டாருல்லங்க, அப்பறம் என்ன”ன்னேன். சொன்னா இந்த ஹெல்மெட்டு போயிரும், வர்ற மாசம் நாலாயிரம் பேருக்கு முன்னாடி நான் தூக்கப்போற பூசணி போயிரும், இவரு மூஞ்சியில நான் முழிக்க முடியாது. சொல்லாட்டி லோகு போயிருவான். இதுதாங்க தராசு. இருபத்தஞ்சு நாளு அது என் பக்கமாவே சாஞ்சு நின்னுச்சு.

இருபத்தாறாவது நாள் வெள்ளிக்கெழமை. தடம் லோகு ஊட்டு வீதியில, அவங்க கேட்டுக்கு நேரா மூஞ்சியை வெச்சு நின்னுக்கிட்டிருந்துச்சு. எட்வின் சார் மத்தியானமே டேப்பைப் புடிச்சுப் பாத்து, வாசப்படி வரைக்கும் சரியா அறுபது அடின்னு சொல்லிப்போட்டார். கோகிலா மாமியாரை முன்னாடியே மக ஊட்டுக்கு அனுப்பி வெச்சுட்டு, பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாத்தையும் மினி லாரியில ஏத்தி, லோகுவையும் டிரைவர் பக்கத்துல உக்கார வெச்சிருந்தா. அவ அண்ணங்காரன் பனைமேட்டுல ஊடு பாத்திருக்கறானாம். ஊரு பூராவும் அந்த வீதியில. மாடிமேல, மரத்துமேல, தண்ணித்தொட்டி மேல. கோகிலா மாம்பழக் கலர்ச் சேலை கட்டலை, ஏதோ வெளுத்த நூல்சேலை, தலைகூட ஒழுங்கா வாரலை, ஆனா அத்தனை கண்ணும் அவ மேலயே. தடத்தைக் கும்புடறவனும் அவளைப் பாக்கறான், திட்டறவனும் அவளைப் பாக்கறான், புள்ளையைத் தோள்ல தூக்கி வெச்சு, “அதோ பாரு கண்ணு, அவதான், அவளாலதான் தோத்தோம்”னு காட்டறான்.

எனக்குப் பத்திக்கிச்சு.

புண்ணியம் பாத்தோ, லோகு பாவம்னோ, சாமிக்குப் பயந்தோ நான் வாயைத் தொறந்தேன்னு சொன்னா அது பொய்யிங்க. தோத்ததுக்குக்கூட அவதான் ராணியா? ஜெயிச்சாலும் அவ, தோத்தாலும் அவ, இதுலயும் என் பேரு வராதா? கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு முன்னாடி போயி, கேட்டுக்கு நேரா நின்னு கத்தினேன்.

“யோவ்! அவ இல்லை! நானு! நாந்தான் தோக்கடிச்சேன்!”

சொன்னேன், எல்லாத்தையும் சொன்னேன், வெள்ளைக்கோடு, உள்ளங்கை அகலம், தோலு, குங்குமம், கைதட்டு, கூடையை இடுப்புல வெச்சது, எதையும் விடலை. சொல்லி முடிச்சு மூச்சு வாங்கி நின்னேன், இனிக் கல்லெறியட்டும், மண்ணை வாரித் தூத்தட்டும்னு.

மொதல்ல சிரிச்சது நஞ்சப்பண்ணன். “அம்மிணி, உனக்கு அந்தப் புள்ளை மேல பொறாமைன்னு ஊருக்கே தெரியும். பூசணி ஒடைக்கற பேருதான் கெடைக்கலை, தோக்கடிச்ச பேராச்சும் கெடைக்கட்டும்னு வந்துட்டயாக்கும்?”

கெக்கெக்கேன்னு வீதியே சிரிச்சுது. மரத்து மேல இருந்தவன் விழுகப் பாத்தான். எட்வின் சார் மட்டும் கிட்ட வந்து, “தண்ணி குடிக்கறீங்களாம்மா, வெயில் சாஸ்தி”ன்னார். எங்கூட்டுக்காரர் கூட்டத்துல எங்கியோ நின்னுருந்தவர் வந்து என் கையைப் புடிச்சார். “ஊட்டுக்கு வா புள்ள. எனக்குச் செவப்பு கெடைச்சுதுன்னு ஊரு பேசறது உனக்குத் தாங்கலை, எனக்குத் தெரியுது, வா”ன்னார். அவரே நம்பலைங்க. பதினாலு வருசம் கூட வாழ்ந்த மனுசன், நான் அவ்வளவு கெட்டவ இல்லைன்னு அவருக்கு ஒரு நம்பிக்கை.

நான் கையை உதறிட்டு எடத்தை விட்டு அசையலை. அப்ப மணி அஞ்சு நாப்பது. ஆமணக்கெண்ணெய் வாசம் வந்துச்சு. தடம் கெளம்புச்சு. வீதி மண்ணைப் பொளந்துக்கிட்டு, நெளியாம, நேரா வந்துச்சு, வந்து, கேட்டுக்கு ஒரு மொழம் முன்னாடி நின்னுருந்த என் ரெண்டு பெருவெரலுக்கு நடுவுல முட்டி நின்னுச்சு. சூடா இருந்துச்சு, இஞ்சின் சூடு. எட்வின் சார் ஓடிவந்து டேப்பை வெச்சார். அம்பது அடி. இருபத்தஞ்சு நாளும் மாறாத கணக்கு, என் காலடியில பத்து அடி கொறைஞ்சு நின்னுபோச்சு.

“பாருங்க! பாத்துக்குங்க எல்லாரும்!”னு குதிச்சேன். இதைவிட என்ன சாட்சி வேணும், சொல்லுங்க?

“பாத்தோம் பாத்தோம்! நடுவுல நின்னு மறிச்சுப்போட்டு என்ன குதியாட்டம்? தள்ளி நில்லு அம்மிணி, அது உள்ள போகட்டும்!”னு நஞ்சப்பண்ணன் கத்தினார். பின்னாடி இருந்தவங்களும் கத்தினாங்க. ரெண்டு பொம்பளைங்க என்னைத் தோளைப் புடிச்சு இழுத்து ஓரத்துல நிறுத்தினாங்க. ஊரே காத்து நின்னுச்சு, தடம் அசையலை. செத்த நேரம் பாத்துப்போட்டு, பரிமளம், அதாவது நானு, குறுக்க நின்னதுல தடம் செத்துப்போச்சுன்னும், எதனால நின்னிருந்தாலும் நின்னது லோகு கேட்டுலதானேன்னும் பேசி முடிச்சுக்கிட்டுச் செயலாளர் போய் லோகு பேரைக் கிளப்புப் பலகையில இருந்து அடிச்சுட்டார். எங்கூட்டுக்காரர் ஊட்டுக்குப் போயிட்டார், கூட்டம் கலைஞ்சு பேக்கரிக்குப் போச்சு. அன்னிக்குப் பன்னு பத்தலை.

வீதியில நானும், லாரியும், கோகிலாவும். அவ கதவைப் பூட்டிப்போட்டு வந்து, லாரியில ஏறாம, என் முன்னாடி நின்னா.

“நான் நம்பறேன்க்கா”ன்னா.

நான் கலைஞ்சு கெடந்த முடியை அள்ளி முடிஞ்சேன்.

“அந்தத் துண்டை நானும் பாத்தேன்க்கா. மைக்குல என் பேரைச் சொன்னாங்களே, அப்பவே பாத்தேன். குனிஞ்சா ஒரு கை தூரம். கூட்டறது உங்க வேலைதானே, எல்லாரும் பாக்கறப்ப நான் எதுக்குக் குனியோணும்னு நின்னுட்டேன். நீங்க திட்டு வாங்குவீங்கன்னு நெனைச்சேன்க்கா, இவரு விழுவாருன்னு நெனைக்கலை.” அவ மூக்கைச் சேலையில தொடைச்சுக்கிட்டா. “இவரு எப்பப் பாத்தாலும், தேவராசண்ணன் சம்சாரம் மாதிரி சிக்கனமாக் குடும்பம் நடத்தோணும், அவங்க மாதிரி பேசோணும்னு உங்களையே சொல்லிக்கிட்டிருப்பாரு. எனக்கு உங்களைக் கண்டாலே ஆகாதுக்கா.”

மூணு வருசம், பாருங்க, என்னைப் பாத்து ஒருத்தி வெந்துக்கிட்டிருந்திருக்கறா, எனக்குத் தெரியவே இல்லை. தெரிஞ்சிருந்தா எவ்வளவு சந்தோசமா இருந்திருப்பேன். ஒரு நொடி அந்தச் சந்தோசம் வந்துச்சு, மறைக்கலை. அப்பறம் அவ மொகத்தைப் பாத்தேன். இந்த ஊர்ல நான் பண்ணினதைப் பண்ணினேன்னு நம்பறவ, நான் எப்படிப்பட்டவன்னு முழுசாத் தெரிஞ்சவ, தெரிஞ்சும் என் முன்னாடி நிக்கறவ, இவ ஒருத்திதான்.

“போகாத கண்ணு”ன்னேன். “நாளைக்கு ரெண்டு பேரும் பேக்கரிக்குப் போயி ஒட்டுக்காச் சொல்லலாம். ரெண்டு பேர் சொன்னா நம்புவாங்க.”

“நம்ப மாட்டாங்கக்கா. நீங்க பொறாமையில சொல்றீங்கம்பாங்க, நான் புருசனுக்காகச் சொல்றேம்பாங்க. அவங்களுக்கு இது போதும்”னு சொல்லி என் கையை ஒரு தடவை புடிச்சு அமுக்கிட்டு, பின்னாடி ஏறி, கிரைண்டருக்கும் கட்டிலுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டா.

நான் பின்பலகையைப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச தூரம் ஓடினேன். டிரைவர் கியரை மாத்தினான். விட்டுட்டேன். லாரி ரேசன் கடையைத் தாண்டி, பேக்கரியைத் தாண்டி, பனைமேட்டு ரோட்டுல திரும்பிப் போச்சு, நான் வீதி நடுவுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நாளையில இருந்து அவ அந்த ஊர்ல தண்ணி புடிப்பா, அந்த ஊர்க்காரிங்களோட கடைக்குப் போவா, எவளோ ஒருத்தி அவ ஒப்புட்டை வாங்கித் திம்பா, எவகிட்டயோ அவ அக்கான்னு பேசுவா. குடுத்து வெச்சவளுங்க. நாப்பத்தாறுக்கு நாப்பத்திநாலுன்னு எங்களைத் தோக்கடிச்ச அன்னிக்குக்கூடப் பனைமேட்டுக்காரங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமை வரலைங்க.